நானா என்று கூப்பிட்ட பிறகு

அன்புள்ள நானா,

காலையிலிருந்து என் கை முழுக்கக் கராம்பு மணம். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உங்கள் மகள் வந்திருந்தாள். அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் நடந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகரப் பேணியை எடுத்து என் மடியில் வைத்தாள். மூடியைத் திறக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே கராம்புக்கு நடுவில், பழுப்பேறிய கடதாசியில் சுற்றியபடி, என் கலியாணத்தன்று உங்களுக்குக் கொடுத்த மோதிரம் கிடந்தது.

அவள் ஏன் அதைக் கொண்டுவந்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எந்தக் கதையிலும் முடிவை முதலில் கேட்கிற ஆள் நீங்கள். "புள்ள, ஆள் பொழச்சானா இல்லியா, அத செல்லிட்டு மத்தத செல்லுங்க" என்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் என் வாயை அடைப்பீர்கள். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. இனி இடையில் புகுந்து கேட்க உங்களால் முடியாது. இந்த ஒரு தரமாவது நான் சொல்கிற ஒழுங்கில் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தட்டெழுத்தாளராக மாத்தளைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த அரசாங்கக் கந்தோரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். மொழிபெயர்ப்பாளராக நீங்கள், தட்டெழுத்துக்கு நான். எனக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. முதல் நாள் தலைமை எழுதுவினைஞர் ஒரு கோப்பை என்னிடம் நீட்டி, உங்கள் மேசையைக் காட்டி, "நானாட்ட தென்ன", நானாவிடம் கொடு, என்றார். பியோனும் உங்களை நானா என்றான். சாரதியும் நானா. தேத்தண்ணி கொண்டுவருகிற மனுசியும் நானா. எனக்கு வேறு என்ன தோன்றும்? உங்கள் பெயரே அதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். கொஞ்சம் புதுமாதிரியான பெயர்தான், ஊருக்கு ஊர் பெயர்கள் வேறுபடும்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் யாருக்குப் பால் தேத்தண்ணி, யாருக்கு வெறும் தேத்தண்ணி என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் அடித்துச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது வரியில் இப்படி இருந்தது: "திரு. நானா, வெறும் தேத்தண்ணி, சீனி இரண்டு கரண்டி." இரண்டு கிழமை அது அங்கே இருந்தது. நீங்கள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல அதன் கீழே நின்று தேத்தண்ணி குடித்தீர்கள். கடைசியில் ஒருநாள் யட்டவத்தையிலிருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரர் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தார். "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று அடித்துச் சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் பஸ் நிலையம் வரை அவருக்குப் பின்னால் ஓடி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தீர்கள். அப்போதும் கோபிக்கவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது உங்களுக்கு.

"நானான்றது பேரில்ல புள்ள. எங்கட ஊடுகள்ல தங்கச்சி தம்பிமார் மூத்தவனக் கூப்புடுற சொல்லு. ஒங்கட அண்ணா மாதிரி."

"அப்ப ஏன் எல்லாரும் உங்களை அப்பிடிக் கூப்பிடினம்? எல்லாருக்கும் நீங்கள் மூத்தவரோ?"

"சிங்கள ஆக்களுக்கு சோனகர், எங்கட முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் நானாதான். கடக்காரனும் நானா, மீன்காரனும் நானா, கிழவனும் நானா, நேத்துப் பொறந்தவனும் நானா. அவங்க கூப்புட்டா ஆள் யாருன்னு பாத்துத்தான் திரும்பணும். எங்கட ஊட்டுக்குள்ள கூப்புட்டா பாக்காமலே எந்திரிச்சி போகணும்."

நான் அப்போதைய என் தமிழ்த் திமிரில், எங்களுடைய தமிழில் அது சொந்தமுமில்லை, சாதியுமில்லை, வெறும் கேள்விதான் என்றேன். நீங்கள் உடனே, "தெரீமே. வேல வந்தா எல்லாரும் கேக்குற கேள்வி" என்றீர்கள். அதன் பிறகு தலைமை எழுதுவினைஞர் கட்டுக் கட்டாகக் கடிதங்களைக் கொண்டுவந்து என் மேசையில் போடும்போதெல்லாம், நீங்கள் தூரத்திலிருந்து என் குரலில் மெதுவாக "நானா?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தீர்கள்.

எனக்கு ஊரில் சொந்த அண்ணன் ஒருவர் இருந்தார். அப்பா இல்லாத வீட்டுக்கு அவர்தான் எல்லாம். கந்தோர்த் தொலைபேசியில் மாதம் ஒரு தரம் அவர் அழைப்பார். நான் "அண்ணா!" என்று கத்துவேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். "அன்ன" என்றால் சிங்களத்தில் "அதோ, அங்கே" என்று அர்த்தமாம். நாலைந்து மாதம் கழித்து நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை இந்த ஊர்ச் சனங்களுக்கு யன்னலுக்கு வெளியே பார்க்கிற ஒரு வியாதி இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நானும் உங்களை நானா என்றேன். எந்த நானா என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கந்தோரில் எல்லோரும் கூப்பிடுகிறதைத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது அது மாறியது என்று கேட்டால் எனக்கு நாள் தெரியும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த அந்தக் கிழமை. நீங்கள் என் அறை வாசலில் வந்து நின்று, "பேக்க எடுக்க வாணாம். செருப்பப் போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னீர்கள். நாலு நாள் உங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தேன். உங்கள் மனைவி எனக்கென்று ஒரு புதுச் சட்டி எடுத்து, அதில் மரக்கறி மட்டும் சமைத்தா. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில் அந்தச் சட்டி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நாலு நாளும் வீட்டுக்குள்ளிருந்து நான் நானா என்று கூப்பிட்டபோது நீங்கள் திரும்பிப் பார்க்காமலே எழுந்து வந்தீர்கள். எனக்கு அப்போது பயத்தில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பிறகு, பல மாதம் கழித்து, பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று விளங்கிக் கண்ணீர் வந்தது. தூசு என்று சொன்னேன். நீங்கள் யன்னலைச் சாத்தினீர்கள்.

அதே பஸ்ஸில் ஒரு முரடன் உங்களைப் பார்த்து "ஏய் நானா, உள்ளுக்குப் போ" என்று சிங்களத்தில் அதட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அதே சொல்தான். உங்கள் தங்கச்சி சொன்னால் பாசம், தலைமை எழுதுவினைஞர் சொன்னால் பழக்கம், அவன் சொன்னால் ஏச்சு. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். நீங்கள், "வுடுங்க புள்ள, உள்ளுக்கு எடம் ஈக்கித்தானே" என்று சொல்லி, உண்மையாகவே உள்ளே போய் எனக்கும் ஒரு இருக்கை பிடித்துவிட்டீர்கள்.

இனிக் கலியாணக் கதைக்கு வருகிறேன். நீங்கள் நூறு தரம் சொன்ன கதைதான். ஆனால் நீங்கள் சொல்லும்போது உங்களுக்குச் சாதகமாகச் சில இடங்களை மாற்றிவிடுவீர்கள். இது என் பக்கத்துக் கதை.

மாப்பிள்ளையும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். கலேவெலப் பக்கம் ஒரு முஸ்லிம் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஊரில் செய்வதாக இருந்த கலியாணம், ஒரு தரம் ஊரடங்குச் சட்டத்தால் தள்ளிப்போனது. இன்னொரு தரம் ரயில் ஓடாமல் தள்ளிப்போனது. மூன்றாம் தரம், இனி ஊர் சரிவராது, மாத்தளையிலேயே ஒரு சின்னப் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் செய்துவிடுவோம் என்று தீர்மானித்தோம். அம்மா ஒரு மாதம் முன்பே வந்துவிட்டா. அண்ணா கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கப் புறப்படுவதாக ஏற்பாடு.

அம்மாவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆசாரம் பார்க்கிற மனுசி. பிறத்தியார் வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா. தோல் உரித்துச் சாப்பிடுகிற பழம் என்றால் மட்டும் சரி, தோலுக்குள்ளே இருப்பதை யாரும் தொடவில்லை என்பது அவவின் நியாயம். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. அதற்கடுத்த நாள் ரம்புட்டான். பிறகு மங்குஸ்தான், தோடம்பழம், திரும்ப ரம்புட்டான். அந்த மாதம் முழுக்க எங்கள் அறையில் பழத்தோல் அள்ளி மாளவில்லை. "உம்மாக்கு தோலோட ஈக்கிறது எல்லாம் கொண்டாந்துட்டேன், இனி பலாப்பழம்தான் மிச்சம்" என்றீர்கள். அடுத்த ஞாயிறு அதையும் தோளில் சுமந்து வந்தீர்கள். அம்மா உங்களைத் "தம்பி" என்று கூப்பிடத் தொடங்கியது அந்தப் பலாப்பழத்துக்குப் பிறகுதான்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோருக்குத் தந்தி வந்தது. அண்ணா வவுனியாவில் நிற்கிறார். பாதை மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று தெரியாது. தன்னைப் பார்க்காமல் கலியாணத்தை நடத்தச் சொல்லியிருந்தார்.

நடத்தலாம்தான். ஆனால் எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வரும்போது பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவருடைய காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போடுவார். பிறகு தோழன்தான் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிச் செல்வார். சொந்தச் சகோதரன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட சகோதரன் யாராவது நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் மாத்தளையில் அம்மாவையும் என்னையும் தவிர ஒரு குருவி இல்லை. மாப்பிள்ளையை வளர்த்த பெரியம்மா, கலியாணத்துக்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்தவ, தந்தியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தா.

"தோழன் இல்லாமல் எங்கட பிள்ளை மணவறைக்கு வராது. மூண்டாம் தரமும் தள்ளி வைக்கிறதெண்டால், கடவுளே வேண்டாமெண்டு சொல்லுறார் எண்டு அர்த்தம். இதோட விட்டிடுவம்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா ஒரு பார்வை பார்த்தா. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை, பெரியம்மா சொல்லை மீறி அவர் பழகியதில்லை. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைவிட, நானா, எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை, உங்களிடம்கூட. இப்போது சொல்கிறேன்.

அம்மா கதவைத் தட்டி உள்ளே வந்தா. அழுகிற ஆள் இல்லை அவ. கட்டிலில் உட்கார்ந்து கேட்டா.

"நீ அந்தக் கந்தோர்த் தம்பியை என்னெண்டு கூப்பிடுறனி?"

"நானா எண்டு. ஏன்?"

"அதின்ர கருத்து என்ன எண்டு நீதானே எனக்குச் சொன்னனி."

எனக்கு ஏறிவிட்டது. "அம்மா, உங்களுக்கு விசரே? அவர் சோனகர். ஐயருக்கு முன்னால எப்பிடி வந்து நிப்பார்? இதை நான் எந்த முகத்தோட கேக்கிறது?" என்று கத்தினேன்.

"நீ கேக்க வேண்டாம்" என்றா அம்மா. "ஏழெட்டு வருஷமா வாய் நிறைய நானா எண்டு கூப்பிட்டுப்போட்டு, இப்ப அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை வந்த உடன பயப்பிடுறாய்." குடையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போய்விட்டா. உங்கள் வீட்டுக்கு வழிகூட அவவுக்குச் சரியாகத் தெரியாது.

அங்கே என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதுதான். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாவாம். உங்கள் மனைவி வழக்கம் போல வாழைப்பழத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாவாம். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு, "தேத்தண்ணி இருந்தால் தாங்கோ பிள்ளை" என்றாவாம். முழுக் கோப்பையும் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாவாம்.

"உம்மா அந்தக் கோப்பய கீழ வெச்ச நேரமே எனக்கு மாட்டேன்னு செல்ல ஏலாம போச்சி" என்று ஒவ்வொரு தரமும் நீங்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்துவீர்கள்.

மறுநாள் காலை வந்து, கதிரையில் உட்காராமலே அம்மாவிடம் உங்கள் பக்கத்தைத் தெளிவாகச் சொன்னீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

"உம்மா, நான் கும்புட மாட்டேன். திருநீறு பூச மாட்டேன். தொப்பியக் கழட்ட மாட்டேன். மாப்புளக்கு தண்ணி ஊத்துவேன், கையப் புடிச்சி உள்ளுக்குக் கூட்டிட்டு வருவேன். அது எங்களுக்கும் ஈக்கிற வேலதான். பள்ளிவாசல் லெப்பையிட்டயும் கேட்டுட்டேன்."

"அவ்வளவும் காணும் தம்பி" என்றா அம்மா.

ஐயருக்குத்தான் ஒரு சந்தேகம். தோழன் தலைப்பாகை கட்ட வேண்டுமே என்றார். அம்மா உங்கள் தொப்பியைக் காட்டி, "தலையில ஒண்டு இருக்குத்தானே ஐயா" என்றா. ஐயர் நல்ல மனுசன். கொஞ்ச நேரம் தொப்பியைப் பார்த்துவிட்டு, "பெண்ணைப் பெற்ற தாய் சகோதரன் எண்டு காட்டுற ஆள்தான் சகோதரன். எனக்கு வேற அத்தாட்சி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா மட்டும் இறங்கி வரவில்லை. வாசலில் நின்று பார்ப்பேன் என்றா. ஏதாவது ஒன்று பிசகட்டும் என்று காத்திருக்கிற முகம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் மண்டபத்து உள்ளறையில் பாதி அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். மேளம் வாசலில் நிற்கிறது. திடீரென்று மேளம் நின்றுபோனது. பிறகு ஒரே கூச்சல். எனக்கு உயிரே போய்விட்டது. பெரியம்மா காரியத்தைக் கெடுத்துவிட்டா, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, ஒரு காதில் தோடும் மறு காதில் ஒன்றுமில்லாமலும் எழுந்து ஓடி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

நீங்கள் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, தொப்பியோடு நிற்கிறீர்கள். ஒரு கையில் பித்தளைச் செம்பு, மறு கையில் தாம்பாளம். ஐயர் "மாப்பிள்ளைக்குத் தண்ணி விடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் செம்பைச் சரித்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு விருந்தாளியாகத் தேடிப் போய்க் கையில் தண்ணி ஊற்றிப் பழகிய கை. எங்கள் மாப்பிள்ளையும் லேசுப்பட்டவரா? கலேவெலப் பிள்ளைகளின் பெற்றோர் வீட்டுக் கலியாணம் ஒன்றையும் விடாமல் போய், பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேரில் ஒருவராக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர். தொப்பி போட்ட ஒருவர் செம்பைச் சரித்ததும், பட்டு வேட்டி, தலைப்பாகை எல்லாவற்றையும் மறந்து, இரண்டு கையையும் நீட்டி நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். கழுவி முடித்துத் துடைக்கத் துண்டுக்குக் கையும் நீட்டுகிறார். நீங்களும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மரியாதையாகக் கொடுக்கிறீர்கள்.

ஐயர் தலையில் கை வைத்துக்கொண்டு, "சாப்பாடு பிறகு! கால்! கால்!" என்று கத்தினார்.

நான் முதலில் பார்த்தது பெரியம்மாவின் முகத்தைத்தான். அவ சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றா. அழுகிறாவா என்று நினைத்தேன். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, கண்ணில் தண்ணி வர வெடித்துச் சிரித்தா. "பசியில வந்த மாப்பிள்ளை எண்டு பெண் வீடு நினைக்கப் போகுது" என்று அவர் முதுகில் ஒன்று போட்டா. அதன் பிறகு யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை. நாயனக்காரர் சிரிப்பை அடக்கி நாயனத்தை வாயில் வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நீங்கள் குனிந்து அவருடைய காலைக் கழுவியதையும் நான் பார்த்தேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவசரப்படாமல், இரண்டு காலையும் கழுவி, உங்கள் சொந்தக் கைக்குட்டையால் துடைத்தீர்கள். அவர் மோதிரத்தை எடுத்து உங்கள் விரலைத் தேடினார். நீங்கள் உள்ளங்கையை நீட்டினீர்கள். முஸ்லிம் ஆண்கள் பொன் அணிவதில்லை என்று பாடசாலையில் பழகிய அவருக்குத் தெரியும். உள்ளங்கையில் வைத்தார். நீங்கள் விரலை மூடிக்கொண்டு, "இது இவங்கட அண்ணன்ட. பாத தொறக்கிற வரைக்கும் நான் வெச்சிருக்கேன்" என்றீர்கள். அன்று மாலை உங்கள் மனைவி அதைக் கடதாசியில் சுற்றிக் கராம்புப் பேணிக்குள் போட்டு வைத்தாவாம். வீட்டில் யாரும் துழாவாத பேணி அதுதானாம்.

பாதை ஒழுங்காகத் திறக்கப் பதினைந்து பதினாறு வருஷம் எடுத்தது. இடையில் அம்மா சுற்றுவழியால் ஊருக்குத் திரும்பிப் போய், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டா. சாவுக்குக்கூட எனக்குப் போகக் கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்று நீங்கள் ஒரு தட்டு ரம்புட்டானோடு வந்து, மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். இருவரும் உரித்துச் சாப்பிட்டோம்.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய அந்தக் கொஞ்ச காலத்தில் அண்ணா பஸ் ஏறி, வாசலோடு போகிற இதே பாதையால் வந்து இறங்கினார். தலை முழுக்க நரை. அரை மணித்தியாலத்தில் நீங்கள் பேணியோடு வந்துவிட்டீர்கள். "ஒங்கட சாமான்" என்று நீட்டினீர்கள். அண்ணா மோதிரத்தை விரலில் போட்டுப் பார்த்தார். விரல் மொளியோடு நின்றுவிட்டது. சவர்க்காரம் போட்டார், எண்ணெய் போட்டார், போகவில்லை.

"என்ர விரல் மாறிப்போச்சு. கால் கழுவினது நீங்கள், மோதிரம் மட்டும் எனக்கோ? நீங்களே வைச்சிருங்கோ" என்றார் அண்ணா. நீங்கள் மறுத்தீர்கள். அவர் மறுத்தார். இரண்டு பேரும் மோதிரத்தை மேசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். பிறகு பேச்சுவாக்கில் வயது கேட்டு, அண்ணா உங்களைவிட மூன்று மாதம் மூத்தவர் என்று தெரியவந்தது. "அப்ப நீங்கள் என்ர தம்பி. மூத்தவன் சொன்னால் கேக்க வேணும்" என்று பேணியை மூடி உங்கள் கையில் வைத்தார். நீங்கள் அந்தரப்பட்டுக்கொண்டு, "ஊர் முழுக்க என்ன நானான்னு கூப்புடுது. இன்னக்கித்தான் எனக்கொரு நானா கெடச்சிருக்கு" என்றீர்கள். அண்ணா போகும்வரை அவரை நானா என்றுதான் கூப்பிட்டீர்கள். அவர் முதல் இரண்டு தரம் யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

பாதை பிறகும் மூடியது, பிறகும் திறந்தது. எல்லாம் முடிந்து, நாங்கள் இருவரும் ஓய்வு பெற்று, சாவகாசமாகச் சண்டை பிடிக்கலாம் என்று இருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைக் கொண்டுபோன அன்று நான் பெண்களோடு உள்ளே இருந்தேன். என்னைப் பார்த்து உங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி யார் என்று கேட்டபோது, உங்கள் மனைவி, "அவங்கட தங்கச்சி" என்றா.

சரி, முடிவைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்குக் கலியாணம், அடுத்த மாதம். மாப்பிள்ளை நல்ல பையன், உங்கள் மகள் சொல்வதை எல்லாம் கேட்கிறான். அவள் என்னிடம் பேணியைத் தந்துவிட்டுச் சொன்னாள்:

"மாமி, எங்கட பழைய கல்யாணங்கள்ல மாப்புள வாசலுக்கு வந்தா பொண்ணுட சகோதரன் காலுக்குத் தண்ணி ஊத்துவாங்க. மாப்புள மோதரம் போடுவாரு. இப்ப நெறய ஊடுகள்ல அத வுட்டுட்டாங்க. எனக்கு வேணும்."

"சாச்சாட மகன்மார் இருக்காங்களே" என்றேன். பாருங்கள், சித்தப்பாவைச் சாச்சா என்று நானும் இப்போது உங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறேன். ஊருக்குப் போனால் என்னை மலைநாட்டுக்காரி என்கிறார்கள்.

"ஈக்காங்க. அவங்கள நான் பேர் சொல்லித்தான் கூப்புடுறது. சின்னதுல இருந்து நானான்னு நான் கூப்புடுறது ஒராளத்தானே?"

என் மகனைத்தான் சொல்கிறாள். உங்கள் வீட்டு முற்றத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவள் அல்லவா? அம்மா அன்று கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் கேட்ட அதே கேள்வி. அம்மாவைப் பார்த்திராத பிள்ளை கேட்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மோதிரம் வாங்கப் போனார்களாம். வேண்டாம், எங்கள் வாப்பா ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாளாம். சாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முன் நீங்கள் அவளிடம், "இத நான் போடவும் ஏலா, விக்கவும் ஏலா. ஒனக்கு எவன் தண்ணி ஊத்துறானோ அவன்ட வெரலுக்குக் குடு" என்றீர்களாம்.

கண்டியில் வேலை செய்கிற மகனுக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். லீவு எடுக்க வேண்டும், எத்தனையாம் தேதி என்று மட்டும் கேட்டான். அப்படி ஒரு வேலை தனக்கு இருக்கிறது என்று பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் போலக் கேட்டான். நான் அழுதுவிட்டேன், நானா. இந்த முறை தூசு என்று சொல்லவில்லை.

அவன் அப்பா என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி, "தம்பி, நல்லாக் கேட்டுக்கொள். காலுக்கு. மாப்பிள்ளை கையை நீட்டினாலும் நீ ஊத்தாதே" என்று உரத்துச் சொன்னார். சொல்லுகிற ஆளைப் பாருங்கள்.

பரணில் கிடந்த அந்தப் பித்தளைச் செம்பை இறக்கிப் பழப்புளி போட்டுத் துலக்கினேன். நடுவில் கொஞ்சம் நெளிந்திருக்கிறது, ஒழுகவில்லை. மோதிரத்தைத் திரும்பக் கராம்புக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் உங்கள் மகளின் கலியாண வாசலில், உங்கள் இடத்தில், என் பிள்ளை நிற்பான்.